அந்தமான் பேக்கேஜ்: தலைக்கு 24,999 ரூபாய் என்றால், எத்தனை தலைக்கு?

கேள்வி: மே லீவில் அந்தமான் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 11 வயதுப் பெண், 4 வயதுப் பையன், 68 வயது மாமியார். டிராவல்ஸ்காரர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறார்: "5 இரவு 6 பகல், போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல். சென்னையிலிருந்து விமானத்துடன் தலைக்கு ரூ.24,999. 5 வயது வரை இலவசம்." நாலு பேருக்கு ஒரு லட்சத்தில் முடிந்துவிடும் என்கிறார் கணவர். பாதிப் பணத்தை உடனே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?
(வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: அந்தப் படத்தை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி, அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். எனக்கு வாசகர்கள் அனுப்பும் இந்த வகைப் படங்களில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: "குறைந்தது 6 பெரியவர்கள்", "டபுள் ஷேரிங்", "ஜிஎஸ்டி தனி".

முதல் வரியிலேயே உங்கள் கணக்கு உடைந்துவிடும். ஒரு வண்டிச் செலவை ஆறு பேர் பங்கு போட்டால் வரும் விலை அது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர்தான். "எங்கள் ஐந்து பேருக்கு, இந்தத் தேதிக்கு, வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஜிஎஸ்டி தனி என்றால் அதன்மேல் 5 சதவீதம் கூடும்.

அடுத்து, டபுள் ஷேரிங், அதாவது ஒரு அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கு. ஒரு அறையில் மூன்றாவதாகத் தங்குபவருக்கு "எக்ஸ்ட்ரா பெட்" தருவார்கள். பெரும்பாலான இடங்களில் அது கட்டில் இல்லை. ராத்திரி ரூம் பாய் சுருட்டிய மெத்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவில் விரித்துவிட்டுப் போவார். 68 வயதில் தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது என்ன பாடு என்று உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு இரண்டு அறை வேண்டும். பட்ஜெட்டை அங்கிருந்து போடுங்கள்.

பையனுக்கு இலவசம் என்பது, கட்டிலில் உங்களோடு படுத்துக்கொண்டால் ஓட்டலில் காசு இல்லை என்பதுதான். இரண்டு வயது முடிந்த குழந்தைக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். தீவுகளுக்கு இடையே ஓடும் ஃபெர்ரியிலும் அப்படித்தான்.

ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தால் அந்தப் பெயருக்கு மதிப்பே இல்லை. கடல் பார்த்த அறை என்று நினைத்துப் போனவர்கள் மார்க்கெட் சந்தில் இறங்கியிருக்கிறார்கள். ஓட்டல் பெயர், அறை வகை, சாப்பாட்டுத் திட்டம் மூன்றும் வவுச்சரில் இருக்க வேண்டும். சி.பி. என்றால் காலை டிபன் மட்டும்; எம்.ஏ.பி. என்றால் அதோடு ராத்திரிச் சாப்பாடும் சேர்த்து. ஹேவ்லாக்கில் சில விடுதிகள் கடைத்தெருவிலிருந்து ரொம்ப தூரம். குழந்தைகளோடு ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டோ தேடுவதைவிட அங்கே எம்.ஏ.பி. வாங்கிவிடுவது லாபம்.

சரி, இனிமேல்தான் முக்கியமான விஷயம். தீவு தீவாகப் போகும் பயணத்தில் ஓட்டலைவிடவும் விமானத்தைவிடவும் ஃபெர்ரி டிக்கெட்தான் பெரிது. ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் பாலம் கிடையாது. தனியார் ஃபெர்ரியில் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டரை மணி நேரம். அங்கிருந்து நீல் ஒரு மணி நேரம். அரசு ஃபெர்ரி மலிவுதான், ஆனால் அதில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு. சீசனில் அதை நம்பி ஓட்டல் போடக் கூடாது. ஆகவே எந்த ஃபெர்ரி, எத்தனை மணிக்கு, என்ன வகுப்பு என்று கேளுங்கள். டிக்கெட்டில் உங்கள் ஐந்து பேரின் பெயரும் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். "ஃபெர்ரி உண்டு மேடம்" என்ற வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு கப்பலில் ஏற முடியாது.

கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்கட்டும். பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன். ஒரு தடவை, காலை ஃபெர்ரியில் ஹேவ்லாக்கிலிருந்து வந்து மதியம் விமானம் ஏறிவிடலாம் என்று ஒரு ஏஜென்ட் போட்டுக் கொடுத்த திட்டத்துக்குத் தலையாட்டிவிட்டேன். அன்றைக்குக் காற்று. படகுத்துறையில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். ஃபெர்ரி ரத்து என்று பலகையில் எழுதி வைத்தார்கள். ஃபெர்ரிக் காசு திரும்பி வந்தது. விமானக் காசு வரவில்லை. அது வேறு நிறுவனம், வேறு டிக்கெட்; அவர்கள் விமானம் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பியது. மறுநாளைக்குப் புதிதாக வாங்கிய டிக்கெட்டின் விலை என் கிரெடிட் கார்டுக்குத்தான் தெரியும்.

மே என்றதும் இன்னொன்று. தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வருமுன் அந்தமானில்தான் இறங்கும், வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில். பள்ளி மூடியதுமே கிளம்பிவிடுங்கள். மே கடைசியில் விலை குறைகிறது என்றால் அதற்குக் காரணம் உண்டு.

பணம் கட்டும் முறை: முதலில் விமானத்துக்கு மட்டும் கட்டுங்கள். பி.என்.ஆர். வந்ததும் விமான நிறுவனத்தின் தளத்திலேயே போட்டுப் பாருங்கள். பி.என்.ஆர். இருந்தாலே டிக்கெட் ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பணம் கட்டாமல் "ஹோல்டு" போட்டு வைத்த பி.என்.ஆராகவும் இருக்கலாம். டிக்கெட் உறுதியானதாகக் காட்ட வேண்டும். பதிவில் இருக்கும் செல்போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதா என்று பாருங்கள். ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால் நேரம் மாறினாலும் ரத்தானாலும் செய்தி அவருக்குத்தான் போகும். ஓட்டலும் ஃபெர்ரியும் உறுதியான பிறகு அடுத்த தவணை. ஓட்டலுக்கு நீங்களே ஒரு போன் போட்டு, உங்கள் பெயரில் அறை இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். தனிநபர் யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நிறுவனத்தின் கணக்குக்கு, ஜிஎஸ்டி எண் உள்ள ரசீதோடு.

வவுச்சரில் ஊர்ப் பெயர்கள் வேறாக இருந்தால் பதற வேண்டாம். 2018 டிசம்பரிலிருந்து ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான்.

கேள்வி: அதே மாதிரி ஒரு பேக்கேஜுக்கு 1,12,000 ரூபாய் கட்டினோம். பயணத்துக்கு 20 நாள் முன் அம்மாவுக்கு அவசர ஆபரேஷன். ரத்து செய்தால் "நான் ரிஃபண்டபிள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் வேறு டூர் போகக் கிரெடிட் நோட் தருகிறார்களாம். அவ்வளவுதானா?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: அவ்வளவு இல்லை. கிரெடிட் நோட்டுக்கு இப்போதைக்குச் சம்மதம் சொல்லாதீர்கள், வாட்ஸ்அப்பில் கட்டைவிரல்கூடக் காட்டாதீர்கள்.

1,12,000 என்பது ஒரே தொகை இல்லை. விமானம், ஓட்டல், ஃபெர்ரி, வண்டி, அவர்கள் கமிஷன் என்று ஐந்து தொகை. ஒவ்வொன்றிலும் எவ்வளவு திரும்பி வந்தது, எவ்வளவு பிடிக்கப்பட்டது என்று ஆதாரத்தோடு கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். விமான டிக்கெட் எவ்வளவு மலிவான ரகமானாலும், பயணம் செய்யாதபோது விமான நிலையக் கட்டணம் முதலிய சட்டப்படியான வரிகளைத் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. ஏஜென்ட் மூலம் வாங்கிய டிக்கெட்டானாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. எனவே அவர்களுக்கும் நேரடியாக எழுதுங்கள். சில சமயம் அந்தப் பணம் எப்போதோ ஏஜென்டின் கணக்குக்கு வந்து உட்கார்ந்திருக்கும். 20 நாள் முன்னால் ரத்து செய்த அறையை ஓட்டல் வேறொருவருக்கு விற்றிருக்கவும் வாய்ப்பு அதிகம். ஓட்டல் உண்மையில் எவ்வளவு பிடித்தது என்பதற்குக் கடிதம் கேளுங்கள். வண்டிக்கு 20 நாள் முன்னால் என்ன செலவு ஆகியிருக்கும்?

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம். அங்கேயும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்சியின் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முழுத் தொகையும் வரும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் ஒரு ரூபாய்கூடத் தர மாட்டோம் என்பவர்கள், வரவு செலவை ஆணையத்தில் காட்ட வேண்டி வரும் என்று தெரிந்தால் பேசத் தொடங்குவார்கள். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: மாலில் கூப்பன் எழுதிப் போட்டோம். "உங்களுக்கு அந்தமானில் 3 இரவு இலவசம், தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வருகிறது. போகலாமா?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: காபி நன்றாக இருக்கும். அதற்கு மேல் இரண்டு மூன்று மணி நேரம், ஒரு லட்சத்துக்கு மேல் போகும் கிளப் உறுப்பினர் திட்டத்தை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். இலவசம் என்பது அறை மட்டும்; விமானமும் ஃபெர்ரியும் உங்கள் செலவு, தேதி அவர்கள் விருப்பம். உறுப்பினரானால் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் வேறு. போயே தீருவேன் என்றால் கிரெடிட் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: பேக்கேஜில் "இலவச ஸ்நார்க்கலிங்" இருக்கிறது. ஸ்கூபா தனிக் காசு. 11 வயது மகள் இரண்டும் வேண்டும் என்கிறாள். எனக்கு ஆஸ்துமா உண்டு.
(வாசகர், அண்ணா நகர்)

பதில்: எலிஃபன்ட் பீச்சில் தரும் இலவச ஸ்நார்க்கலிங் சில நிமிடச் சமாசாரம். ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து, இரண்டு மீனைப் பார்ப்பதற்குள் கரைக்கு இழுத்து வந்துவிடுவார்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் காசு.

சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாவில், பாடி (PADI) என்ற சர்வதேச டைவிங் அமைப்பின் அறிமுக டைவுக்குக் குறைந்தபட்ச வயது 10, ஆகவே மகள் போகலாம். நீச்சல் தெரிய வேண்டியதில்லை, பயிற்சியாளர் கூடவே இருப்பார். அதற்கு முன் உடல்நலக் கேள்வித்தாள் ஒன்றைத் தருவார்கள். ஆஸ்துமாவை அதில் மறைத்து எழுதாதீர்கள். சென்னையிலேயே டாக்டரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். கேள்வித்தாளே தராமல் சிலிண்டரை மாட்டிவிடும் இடத்தில் இறங்காமல் திரும்புங்கள், கொடுத்த முன்பணம் போனாலும் பரவாயில்லை. டைவ் முடித்த 18 மணி நேரத்துக்குள் விமானம் ஏறக் கூடாது, எனவே கடைசி நாளில் வைக்காதீர்கள். போட்டோவும் வீடியோவும் கட்டணத்தில் சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள். நனைந்த உடம்போடு பேரம் பேச முடியாது.

கேள்வி: விமானத்துக்குப் பதில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனால் மிச்சம்தானே? வரும்போது பாரதங் தீவுப் பக்கம் ஜாரவா பழங்குடி மக்களையும் பார்த்துவிட்டு, பவளப்பாறைத் துண்டு நாலு எடுத்து வரலாம் என்று நண்பர் சொல்கிறார்.
(வாசகர், ராயபுரம்)

பதில்: பவளப்பாறையை முதலில் மறந்துவிடுங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் செத்த துண்டானாலும் எடுத்து வருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பெட்டி ஸ்கேனரில் போகும்போது தெரிந்துவிடும். ஜாரவா மக்களைக் காட்டுகிறேன் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அவரிடம் எதையும் வாங்காதீர்கள். பாரதங் போகிற சாலை அவர்கள் காட்டு வழியே போகிறது, அவ்வளவுதான். வண்டிகள் காவல் வரிசையில் குறித்த நேரத்தில் போகும், நிறுத்தவோ படம் எடுக்கவோ கூடாது. அங்கே பார்க்க வேண்டியது சுண்ணாம்புக் குகையும் அலையாத்திக் காட்டுப் படகுப் பயணமும்.

கப்பல் மிச்சம்தான், அடுக்குப் படுக்கை உள்ள பங்க் வகுப்பில் போனால் ரொம்பவே மிச்சம். ஆனால் ஒரு வழிக்கு ஏறக்குறைய மூன்று நாள். தினமும் கிடையாது, கால அட்டவணையை அவ்வப்போது அறிவிப்பார்கள், மாறவும் செய்யும். ராஜாஜி சாலையில் அந்தமான் நிர்வாகத்தின் கப்பல் போக்குவரத்து அலுவலகம் இருக்கிறது, ராயபுரத்திலிருந்து உங்களுக்குப் பக்கம்தான். திரும்பி வரும் கப்பலின் தேதியையும் கேட்டுவிட்டு லீவு எழுதிக் கொடுங்கள்.