பட்டறைப் பக்கம்: மலை இறங்கும் காருக்கு எந்த பிரேக் டிஸ்க்?

கேள்வி: ரீகண்ட் (இறக்குமதியான பழைய) சுபாரு எஸ்டிஐ கார் வைத்திருக்கிறேன். அடிக்கடி கேமரன்மலை போய் வருவேன். இறங்கும்போது ரிங்லெட் தாண்டியதும் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, நான்கையும் துளை போட்ட டிஸ்க்காக மாற்று என்கிறார் ஒர்க்‌ஷாப் அண்ணன். மாற்றிவிடலாமா?
– வாசகர், தாப்பா

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. ஸ்டீயரிங் நடுங்கினால் கோளாறு பெரும்பாலும் முன்பக்கம்தான், பின் டிஸ்க் இரண்டும் என்ன பாவம் செய்தன? வளைந்துவிட்டது என்று கழற்றி எறியப்படும் டிஸ்க்குகளில் நிறைய உண்மையில் வளைந்தே இருக்காது. கொதிக்கக் கொதிக்க மலை இறங்கி வந்து, டவுன் சமிக்ஞை விளக்கில் பெடலை அழுத்திப் பிடித்தபடி நின்றால் பேட்டின் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கட்டை) மருந்து அந்த ஒரு இடத்தில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த இடம் பேட்டுக்குள் வரும்போதெல்லாம் நடுக்கம்தான்.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி, பின்னால் ஹப் (சக்கரம் மாட்டும் குடம்) முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். திரும்ப மாட்டி டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் ஆட்டம் 0.05 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பிறகு மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பல இடத்தில் தடிப்பை அளக்க வேண்டும், 0.02 மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தாலே காலுக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஸ்கிம் பண்ணிய (லேத்தில் மேலாகச் சீவிய) பிறகும் அதற்கு மேல் மிச்சம் இருக்குமானால் ஸ்கிம் பண்ணினால் போதும், இல்லையென்றால் முன் ஜோடியை மட்டும் மாற்றுங்கள். சக்கர நட்டை ஏர் கன்னால் ‘டர்ர்’ என்று இறுக்கிவிட்டு அனுப்புகிற இடமாக இருந்தால், எல்லா நட்டையும் ஒரே அளவில் இறுக்கும் டார்க் ரெஞ்ச் எங்கே என்று கூசாமல் கேளுங்கள்.

துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்துப் பேட் சூடானால் வாயு கக்கும், அது வெளியேறத்தான் துளை. இன்றைய பேட்டுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆனால் சூடேறிச் சூடேறி ஆறும்போது விரிசல் அந்தத் துளை ஓரத்தில்தான் பிறக்கும். கம்பெனியே அதற்கென வடிவமைத்துக் கொடுத்தால் வேறு கதை, கடையில் சாதா டிஸ்க்கில் துளை போட்டு விற்பதை நான் என் பட்டறையில் மாட்டமாட்டேன். உங்களுக்கு நல்ல வார்ப்பிரும்பில் காற்றுவழி உள்ள சாதா டிஸ்க் போதும். 1,500 கிலோ காரை 1,400 மீட்டர் கீழே இறக்கினால் சுமார் 2 கோடி ஜூல் சக்தி எங்காவது போயாக வேண்டும். லோ கியர் போட்டால் ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும், இல்லையேல் அதுவும் டிஸ்க் தலையில்.

கேள்வி: இறங்கியதும் காரைக் கழுவக் கொடுப்பது வழக்கம். சூட்டில் தண்ணீர் பட்டால் கெடுமா?
– வாசகர், பீடோர்

பதில்: கெடும். சூடான இரும்பில் பச்சைத் தண்ணீரைப் பீய்ச்சினால் விரிசல் விடலாம், கோணலாகலாம். கடைசி சில கிலோமீட்டரை பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டி வந்து, ஒரு தே தாரிக் குடித்து முடித்த பிறகு கொடுங்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஓட்டுகிறவர்கள் காற்றுவழிக்குள் அப்பியிருக்கும் மண்ணையும் கழுவச் சொல்ல வேண்டும். மறுநாள் காலை டிஸ்க் மேல் ஆரஞ்சு நிறத் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், நாலு தடவை மிதித்தால் போய்விடும்.

கேள்வி: கார்பன் செராமிக் டிஸ்க் போட்டால் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாமாமே?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: ரோட்டில் நிதானமாக ஓட்டினால் நெடுநாள் உழைக்கும், செப்பாங் ரேஸ் டிராக்கில் விரட்டினால் உழைக்காது. போர்ஷே 2001-இலேயே 911 ஜிடி2-வில் கொடுத்தது. வார்ப்பிரும்பில் பாதி எடைதான். ஆனால் சக்கரம் கழற்றும்போது விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் சில்லு பெயர்ந்துவிடும். ஒரு செட் மாற்றும் காசுக்குப் பழைய மைவி கார் ஒன்று வாங்கிவிடலாம்!

கேள்வி: புது டிஸ்க், புது பேட் போட்டாயிற்று. இனி என்ன?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: இரண்டையும் ஒன்றோடொன்று பழக்க வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 20 வரை திடமாகக் குறையுங்கள், முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுங்கள். எட்டுப் பத்து தடவை போதும், பிறகு பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். டிஸ்க்குக்குள் வளைந்த காற்றுவழி இருந்தால் இடது வலது பார்த்து மாட்டியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள், மேலே வெட்டியிருக்கும் கோடுகளை வைத்து முடிவு செய்யக் கூடாது, காற்றுவழிக்குள் இருக்கும் வளைந்த இதழைத்தான் பார்க்க வேண்டும். பிரேக் எண்ணெய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். புது டாட் 4 ரக எண்ணெய் குறைந்தது 230 டிகிரி வரை தாங்கும், ஈரம் இழுத்துவிட்டால் 155-இலேயே கொதிக்கலாம், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? கடையில் டாட் 5 என்று எழுதிய போத்தலை மட்டும் எடுக்காதீர்கள், அது சிலிக்கோன், உள்ளே இருப்பதோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும்.