கெட்டிமேளம் கொட்டும்போது மட்டும் படம் ஏன் கட்டம் கட்டமாக உடைகிறது?

கேசட் காலத்திலிருந்து கல்யாண வீடியோ எடிட்டிங்கில் இருக்கிறேன். டிவிடி எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை டிவிடிக்கு ஏற்றபடி ஃபைலாக எடுப்பது) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். பாதிப்பேர் கேட்டது ஒரே கேள்விதான். அதை முதலில் வைத்து, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திண்டுக்கல், ஸ்டுடியோ நடத்துபவர்: அண்ணே, கல்யாண வீடியோ 3 மணி நேரம். ஒரே டிவிடியில் போட்டேன். எடிட்டிங் சிஸ்டத்தில் பளிச்சென்று இருந்தது, டிவியில் தாலி கட்டும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மற்ற இடமெல்லாம் பரவாயில்லை. ஏன் சரியாக அந்த இடத்தில்?

தம்பி, சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. கம்ப்யூட்டர் அதையே 4.37 என்று காட்டும், கணக்கு முறைதான் வேறு. இதற்கு நான் வைத்திருக்கும் மனக்கணக்கு: 600-ஐ நிமிடத்தால் வகுத்தால் எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட், இதுதான் பிட்ரேட்) கொடுக்கலாம் என்று வந்துவிடும். ஒலியும் அதற்குள்தான். 120 நிமிடத்துக்கு 5. உங்கள் 180 நிமிடத்துக்கு 3.3. நூறு பேருக்கு வடித்த சோற்றை இருநூறு பேர் பந்தியில் பரிமாறிய கதை.

அந்த இடத்தில் மட்டும் ஏன்? டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற, படத்தை அமுக்கி வைக்கும் முறை. அது எல்லா ஃபிரேமையும் முழுசாக எழுதி வைக்காது. ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு முறை ஒரு முழுப்படம், நடுவில் என்னென்ன மாறியது என்ற விவரம் மட்டும். ஐயர் மந்திரம் சொல்கிறார், மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் மாறுவது கொஞ்சம்தான், 3.3 தாராளம். கெட்டிமேளம் கொட்டியதும் என்ன நடக்கிறது? நாலு பக்கமிருந்தும் அட்சதை பறக்கிறது. ஒவ்வோர் அரிசியும் தனித்தனி திசையில். ஃபோட்டோகிராபர் ஃபிளாஷ் அடிக்க, ஒரு ஃபிரேம் வெள்ளை, அடுத்தது பழையபடி. பின்னாலே ஹோமப் புகை வேறு. பழைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. பிட் போதாமல் படம் கட்டங்களாகச் சிதறுகிறது.

நீங்கள் சிபிஆர் (மாறாத பிட்ரேட்) வைத்து எக்ஸ்போர்ட் செய்திருப்பீர்கள். அதில் நிமிடத்துக்கு நிமிடம் ஒரே அளவு. விபிஆர் (மாறும் பிட்ரேட்), டூ பாஸ் (இரண்டு சுற்று) என்று மாற்றுங்கள். முதல் சுற்றில் மென்பொருள் முழு வீடியோவையும் படித்து எங்கே சிரமம் என்று பார்க்கும், இரண்டாவது சுற்றில் மந்திரத்தில் மிச்சம் பிடித்துத் தாலிக்குக் கொடுக்கும். நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும், ராத்திரி போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். அதுவும் ஓரளவுக்குத்தான். 3 மணி நேரத்துக்கு என் பதில் இரண்டு டிஸ்க். தலா 90 நிமிடம் என்றால் 6.5 வரை கிடைக்கும், அட்சதை அட்சதையாகவே தெரியும். இல்லையென்றால் 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் இருக்கிறது. விலை கூடுதல், பழைய பிளேயர் சிலது அடுக்கு மாறும் இடத்தில் ஒரு கணம் நின்று போகும்.

ஈரோடு: பிட்ரேட் கூடினால் நல்லது என்று 45 நிமிட வீடியோவுக்கு 9.8 வைத்தேன். கம்ப்யூட்டரில் ஓடுகிறது. வாடிக்கையாளர் வீட்டு பிளேயரில் திக்கித் திக்கி நிற்கிறது.

9.8 என்பது படத்துக்கு மட்டுமான உச்ச வரம்பு. படம், ஒலி எல்லாம் சேர்ந்து 10.08-ஐத் தாண்டக் கூடாது. ஒலியை பிசிஎம் (அமுக்காத ஒலி) என்று விட்டிருந்தால் அதுவே 1.5 எம்பிபிஎஸ். கூட்டிப் பாருங்கள். ஒலியை டால்பி டிஜிட்டலில் 192 அல்லது 256 கேபிபிஎஸ் வையுங்கள், நாதஸ்வரத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அப்புறம், கம்பெனியில் அச்சடித்து வரும் டிஸ்க் வேறு, நாம் பர்ன் செய்யும் டிஸ்க் வேறு. நம்முடையதில் லேசர் ஒளி திரும்புவது குறைவு, வயசான பிளேயர் படிக்கத் திணறும். அதனால் பிட்ரேட் உச்சத்தை 8-க்கு மேல் நான் வைப்பதே இல்லை. பர்ன் வேகம் 4 அல்லது 8. ஒரு முறை அவசரத்தில் 16 வேகத்தில் இருபது காப்பி போட்டுக் கொடுத்தேன். பெண்ணோட அம்மா பையோடு திரும்பக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்கள். அன்றோடு சரி.

கும்பகோணம்: பழைய மினி டிவி (MiniDV) கேமரா கேசட்டை டிவிடியாக மாற்றினேன். அசையாத காட்சி நன்றாக இருக்கிறது. யாராவது நடந்தால் முன்னும் பின்னும் உதறுகிறது. பிட்ரேட்டைக் கூட்டியும் போகவில்லை.

போகாது, இது பிட்ரேட் நோயே இல்லை. ஒவ்வொரு ஃபிரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு ஃபீல்டாக இருக்கும். எது முதலில் என்பது மாறிவிட்டால் கால் முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போகும். மினி டிவி கேசட் லோயர் ஃபீல்ட் (இரட்டை வரி) முதல். ஏவிசிஎச்டி முறையில் பதியும் எச்டி கேமரா அப்பர் (ஒற்றை வரி) முதல். எடிட்டிங் டைம்லைனிலும் எக்ஸ்போர்ட்டிலும் லோயர் என்று வையுங்கள். மாப்பிள்ளை அழைப்பில் கார் வரும் காட்சியை ஓடவிட்டால் பத்து நொடியில் தெரிந்துவிடும்.

காஞ்சிபுரம், வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்பவர்: அண்ணா, பட்டுப்புடவை ஜரிகை மினுமினுவென்று துடிக்கிறது. நகை கூட அப்படித்தான்.

உங்கள் ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம், தங்கச்சி. 1080 வரியில் எடுத்த படம் 576 வரிக்குள் இறங்குகிறது. ஒரு வரி அளவுக்கே மெல்லிய ஜரிகை இழை ஒரு ஃபீல்டில் விழுகிறது, அடுத்ததில் காணாமல் போகிறது. அதுதான் துடிப்பு. பிரீமியர் மென்பொருளில் மோஷன் பகுதியில் ஆன்டி-ஃபிளிக்கர் ஃபில்டர் இருக்கிறது, அந்தக் காட்சிகளுக்கு மட்டும் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஷார்ப்னஸ் எங்காவது கூட்டியிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

யாழ்ப்பாணம்: அண்ணை, தங்கச்சியின் கலியாண டிவிடியை டொராண்டோவுக்கு அனுப்பினோம். அங்கே பிளேயரில் வேலை செய்யவில்லை என்கிறார்கள். ரீஜன் கோடா?

நாம் பர்ன் செய்யும் டிஸ்க்கில் ரீஜன் கோடு (எந்த நாட்டில் ஓடலாம் என்ற பூட்டு) போடுவதில்லை. சிக்கல் டிவி முறையில். இலங்கை, இந்தியா இரண்டும் பால் (PAL) என்ற டிவி முறை, 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம். கனடா என்டிஎஸ்சி (NTSC) முறை, 720க்கு 480, 29.97. நம் பக்கத்துப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும், அங்கே விற்பவை பல பால் முறையை ஏற்காது. கம்ப்யூட்டரில் விஎல்சி என்ற பிளேயர் மென்பொருள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், உடனே ஓடும். புது டிஸ்க் போடுவதென்றால் டிவிடியிலிருந்து மாற்றாமல் ஸ்டுடியோவில் மூல டைம்லைன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

சேலம்: முதலில் எம்பி4 எடுத்து, அதை டிவிடி மென்பொருளில் போடுகிறேன். சரிதானே?

ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. டைம்லைனிலிருந்து நேராக எம்பெக்-2 எடுங்கள். டிவிடி மென்பொருள் அதை மறுபடி அமுக்காமல் அப்படியே எடுத்துக்கொள்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

தூத்துக்குடி: மாமா ஃபோனில் எடுத்ததைச் சேர்த்தேன். போகப்போக வாயும் சத்தமும் ஒட்டவில்லை.

ஃபோன் ஃபிரேம் வேகத்தைத் தன்னிஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கும். டைம்லைனில் போடும் முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் (மாறாத ஃபிரேம் வேகம்) கொடுத்து ஒரு முறை மாற்றிவிடுங்கள். தரம் குறையாமல் இருக்க பிட்ரேட்டைத் தாராளமாக விடுங்கள்.

மதுரை: பென்டிரைவ் கொடுத்தால் தீர்ந்தது. இன்னும் எதற்கு டிவிடி?

நானும் பென்டிரைவ் கொடுக்கிறேன், படம் அதில்தான் நன்றாக இருக்கும். 1080-ஐ 576 ஆகக் குறைக்க வேண்டியதில்லையே. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது, அதை மட்டும் கவனியுங்கள். ஆனால் தாத்தா பாட்டி வீட்டில் ரிமோட்டில் ஒரு பட்டன் அமுக்கினால் ஓட வேண்டும். அவர்களுக்கு டிஸ்க்.

மறுபடி திண்டுக்கல்: அண்ணே, இரண்டு டிஸ்க் என்றால் வீட்டார் காசு பிடுங்குகிறேன் என்பார்களே. எங்கே வெட்டுவது?

நடுவில் வெட்டாதீர்கள். வரவேற்பு ஒன்று, முகூர்த்தம் ஒன்று என்று பெயர் அச்சிட்டுக் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். முழுசாக எக்ஸ்போர்ட் போடும் முன் தாலி கட்டும் 2 நிமிடத்தை மட்டும் ஒரு ஆர்டபிள்யூ (அழித்து எழுதக்கூடிய) டிஸ்க்கில் பர்ன் செய்து, கடையில் இருப்பதிலேயே மோசமான பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். அதில் அட்சதை உடையவில்லை என்றால் அந்த செட்டிங்கையே மிச்சத்துக்கும் வையுங்கள்.