சென்னையில் கார் இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா?

முடியும். நாங்கள் குரோம்பேட்டையில் அப்படித்தான் இருக்கிறோம். வேலை மாறி இங்கே வருகிறீர்கள், சின்னக் குழந்தை, கூடவே வயதானவர்கள், காருக்கு லோன் போடலாமா என்று யோசனை. அப்படித்தானே?

காரை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பாருங்கள். வாடகை கூடும்தான், ஆனால் கார் தவணை அளவுக்குக் கூடாது. கடற்கரை – தாம்பரம் தடத்தில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. எழும்பூர், மாம்பலம், கிண்டி எல்லாம் அதிலேயே. குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்பதால், என் மனைவி பல்லாவரத்துக்கு வேலைக்குப் போய்வரக் காசே செலவில்லை.

எங்களுக்குச் சிக்கல் அம்மாவின் முழங்காலால் வந்தது. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏற முடியாது. பஸ்ஸின் முதல் படியே உயரம். தாழ்தளப் பேருந்து வந்திருக்கிறது, ஆனால் நாம் கிளம்புகிற நேரத்துக்கு அது வரவேண்டுமே. மனைவியின் அண்ணன் விடவில்லை. "மாப்ள, அத்தைக்காகவாவது ஒரு வண்டி எடுங்க" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் ஒரு பக்கம். அம்மாவின் பிசியோதெரபிக்கு ஆட்டோ இன்னொரு பக்கம். ஆட்டோ செலவு அதில் பாதிகூட வரவில்லை. ஆப்பில் போட்டால் "எங்க சார் போகணும், கேஷா?" என்று கேட்டுவிட்டு கேன்சல் செய்கிறார்கள். அதனால் தெருமுனை ஸ்டாண்டில் ஒருவரிடம் பேசி வைத்துக்கொண்டோம். இரவிலும் போன் செய்தால் வருவார்.

கஞ்சன் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஐ.டி. கம்பெனிகள் இருக்கிற ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலை, இரவு ஷிப்ட் என்றால் கதை வேறு. அங்கே பெரும்பகுதிக்கு ரயில் கிடையாது, மெட்ரோ வேலை இன்னும் முடியவில்லை. கார் வைத்திருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்தக் கவலை எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

என் எரிச்சலெல்லாம் எங்கள் அடுக்ககச் சங்கத்தின் மேல். பத்திரத்தில் எங்களுக்கென்று இருக்கிற பார்க்கிங்கில் செயலாளர் வீட்டு இரண்டாவது கார் நிற்கிறது. கேட்டால் "நீங்கதான் கார் வாங்கலையே சார்" என்கிறார். பராமரிப்புக் கட்டணம் மட்டும் பார்க்கிங்குக்கும் சேர்த்தே வசூல். இப்போது அந்தக் கார் வெளியே போகிற நேரம் பார்த்து என் சைக்கிளை அந்த இடத்தின் நட்டநடுவில் பூட்டி வைக்கிறேன்.