கடல் நுண்ணுயிர் ஆய்வாளர் ஒருவர் வாழ்நாள் முழுக்க அப்படி என்னதான் ஆராய்வார்?

ஒரே ஒரு உயிரியைக்கூட ஆராயலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியை சாலி சிஸம் அப்படித்தான் செய்தார்.

1980-களின் நடுவில் அவரும் சக ஆய்வாளர் ராபர்ட் ஓல்சனும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியைக் கப்பலில் ஏற்றினார்கள். கடல்நீரில் உள்ள செல்கள் அதில் வரிசையாக லேசர் ஒளியைக் கடக்கும். எவ்வளவு ஒளி சிதறுகிறது, என்ன நிறத்தில் ஒளிர்கிறது என்று கருவி பதிவு செய்யும். திரையின் ஓரத்தில் மங்கலான சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் கருவியின் இரைச்சல் என்றே நினைத்தார்கள். ஆனால் ஆழத்திலிருந்து எடுத்த நீரில் அந்தச் சிவப்பு கூடியது. இரைச்சலுக்கு ஆழம் தெரியுமா என்ன? லேசர் பட்டால் பச்சையம் சிவப்பாக ஒளிரும். வெளிச்சம் குறையக் குறைய, செல்லுக்குள் பச்சையம் கூடியிருக்கிறது!

அதுதான் புரோகுளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியா. 1988-இல் நேச்சர் அறிவியல் இதழில் அறிவித்தார்கள். சுமார் 0.6 மைக்ரான் அகலம்தான். ஆனால் உலகில் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்கே. ஒரு மில்லிலிட்டர் நீரில் லட்சம் செல்கள்வரை இருக்கும்.

அப்புறம் கேள்விகள் பெருகின. மேற்பரப்பில் வாழ்வதும் ஆழத்தில் வாழ்வதும் தனித்தனி வகைகள் என்று தெரிந்தது. மரபணுக்களும் வகைக்கு வகை வெகுவாக மாறுகின்றன. இதைத் தாக்கும் வைரஸ்கள் ஒளிச்சேர்க்கை மரபணுக்களையே சுமந்து திரிகின்றன. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். 2019-இல் சிஸமுக்கு, ஸ்வீடன் அறிவியல் கழகம் வழங்கும் கிராஃபோர்டு பரிசு கிடைத்தது.