பரணில் கிடக்கும் சலங்கை

கேள்வி: வயது 17. பரதம் ஆடுகிறேன். கூட ஆடும் பையனை மனசுக்குப் பிடித்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் அண்ணன் என் சலங்கையைப் பரணில் வீசிவிட்டான். ‘டாக்டரிடம் காட்டினால் சரியாகும்’ என்கிறார் அம்மா. என்ன செய்வது அக்கா?
- பெயர் வேண்டாம், கும்பகோணம்

பதில்: முதலில் சலங்கையை இறக்கு தம்பி. மணி ஏதாவது உதிர்ந்திருந்தால் கோத்துக்கொள். ஆட்டத்துக்கும் காதலுக்கும் முடிச்சுப் போடுவது அண்ணனின் அறியாமை. ஆனாலும் ஒரு சேதி: ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் சட்டப்பிரிவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுப்போட்ட நவ்தேஜ் சிங் ஜோஹர், கலாக்ஷேத்ராவில் பயின்ற பரதக் கலைஞர்தான். 2018 செப்டம்பர் 6 அன்று ஜெயித்தார். அம்மாவிடம் சொல், இது நோயில்லை. ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் பார்ப்பதைச் சென்னை உயர் நீதிமன்றமே 2021-இல் தடுத்துவிட்டது. அந்தப் பையனிடம் சொல்ல மட்டும் அவசரப்படாதே, அவன் வீட்டிலும் ஓர் அண்ணன் இருக்கலாம். அது சரி, இப்போது என்ன வர்ணம் பயில்கிறாய்?