கியர் கடித்தால் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறோம். வாப்பா ஓட்டிய 1968 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் இரண்டு வருடமாக ஷெட்டில் நின்றது. இப்போது இன்ஜின் நன்றாக ஓடுகிறது. ஆனால் கிளட்சை முழுக்க மிதித்தாலும் கியர் விழ மாட்டேன் என்கிறது. ரிவர்ஸ் போட்டால் பல் கடிக்கும் சத்தம். நிறுத்துவதற்கு முன்பே, வண்டி நகரும்போது ஓர் உதறல் இருந்தது. கியர் பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரி என்று சொல்லலாமா?

பதில்: இப்போதைக்குச் சொல்லாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் கியர் பாக்ஸைவிடக் கிளட்ச் மேல்தான் சந்தேகம் அதிகம். இந்தக் காரில் முன்னோக்கிப் போகும் நாலு கியருக்கும் சின்க்ரோ (கியர் விழும் முன் பற்களின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) உண்டு, ரிவர்ஸுக்குக் கிடையாது. அதனால் கிளட்ச் சரியாக விடுபடாவிட்டால் முதலில் கத்துவது ரிவர்ஸ்தான். இதை நீங்களே சோதிக்கலாம். இன்ஜின் மெதுவாக ஓடட்டும், கிளட்சை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்து, வண்டி ஓடும்போது இரண்டாவதோ மூன்றாவதோ மட்டும் கரகரத்தால் அது சின்க்ரோ தேய்மானம், கியர் பாக்ஸ் வேலைதான். ஐந்து விநாடி பொறுத்தும் ரிவர்ஸ் கடித்தால், மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு (இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரம்) சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வண்டிக்கு அடியில் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கியர் பாக்ஸின் இடது பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். கேபிளின் நுனி அதில் ஓர் இறக்கை நட்டோடு மாட்டியிருக்கும். பெடல் தரைவரை போயும் லீவர் கொஞ்சமே அசைந்தால் குற்றம் கேபிள் பாதையில். லீவர் நன்றாக அசைந்தும் கியர் கடித்தால் குற்றம் கிளட்சுக்குள். நான் எந்தப் பீட்டிலுக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் ஸ்பேனரைத் தொடச் சொல்ல மாட்டேன். இரண்டு நிமிட வேலை, பல ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிக்கும்.

உங்கள் ஊரில் கேபிள், கிளட்ச் இரண்டையும் சந்தேகப்பட வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக்காற்று இரும்பை எப்படித் தின்னும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புது ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் கொடுத்தது இந்தக் காற்றுக்காகத்தான். உங்கள் ஃப்ளைவீலோ வெறும் இரும்பு. அதன் முகத்தில் துரு ஏறி, கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டையான லைனிங்கைப் பசை போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். வாடைக்காற்று மாதங்களில் ஷெட்டிலேயே நின்ற வண்டிகளில் இது சகஜம்.

அப்படி ஒட்டியிருந்தால் இன்ஜினை இறக்காமலே விடுவிக்கப் பார்க்கலாம். ஆனால் முதலில் பிரேக்கைச் சரிபாருங்கள். இரண்டு வருடம் நின்ற வண்டியின் பிரேக்கை நம்பக்கூடாது. பிறகு முன்னால் ஆளோ சுவரோ இல்லாத திறந்த பொட்டலில் இன்ஜினைச் சூடாக்கி அணையுங்கள். இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். வண்டி துள்ளிக் கிளம்பும். பெடலை விடாமல், ஆக்சிலேட்டரை நாலைந்து முறை மிதித்து மிதித்து விடுங்கள். பிளேட் பட்டென்று விடுபடும்போது இன்ஜின் வேகம் தனியாக ஏறுவது காதிலேயே கேட்கும். ஸ்டார்ட்டர் திணறினால் அதோடு நிறுத்திவிடுங்கள். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி வைத்து இதைச் செய்யவே கூடாது. வண்டி நழுவினால் ஆள் தப்பிக்க நேரமிருக்காது.

இனி கேபிள் பக்கம் வருகிறேன், பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெடலில் இருந்து கேபிள், காரின் நடுவில் ஓடும் டனலுக்குள் ஒரு குழாய் வழியாகப் பின்னால் போகிறது. டனலைவிட்டு வெளியே வந்ததும் கியர் பாக்ஸ் வரைக்கும் வளையக்கூடிய ஒரு சின்ன உறை உண்டு, அதைப் பௌடன் குழாய் என்பார்கள். அது நேராக இருக்கக்கூடாது. 25 முதல் 45 மில்லிமீட்டர் வரை கீழ்நோக்கித் தொய்ந்திருக்க வேண்டும். தொய்வு குறைந்தால், இன்ஜின் அசையும் ஒவ்வொரு முறையும் கேபிளை அதுவே இழுத்துவிடும். வண்டி நகரும்போது வரும் உதறலுக்கு இது ஒரு பெரிய காரணம். வாஷர்களைச் சேர்த்துத் தொய்வைச் சரிசெய்யலாம். உப்புத் தண்ணீர் தேங்கி உள்ளே துருப்பிடிப்பதும் இந்த வளைவில்தான், அதனால் கேபிளை மாற்றும்போது இந்த உறையையும் சேர்த்தே மாற்றுங்கள். புதுக் கேபிளை முழு நீளத்துக்கும் கிரீஸ் பூசி நுழைத்துவிடுங்கள். நட்டைத் திருகும்போது கேபிள் நுனியைக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கேபிள் முறுக்கிக்கொள்ளும். பெடலில் 10 முதல் 20 மில்லிமீட்டர் பிளே, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம், இருந்தால் போதும்.

பெடலை மிதிக்கும்போது டனலுக்குள் 'டொக்' என்று சத்தம் வந்தால், உள்ளே இருக்கும் குழாயின் பற்றவைப்பு விட்டிருக்கலாம். டனலில் ஒரு ஜன்னல் வெட்டித்தான் திரும்பப் பற்றவைக்க முடியும். வெல்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்: பெட்ரோல் குழாயும் அதே டனலுக்குள்தான் ஓடுகிறது. டேங்கைக் கழற்றி, குழாயைக் காலி செய்யாமல் ஒரு பொறிகூட அங்கே விழக்கூடாது.

இதெல்லாம் சரியாக இருந்தும் கியர் கடித்தால் இன்ஜினை இறக்க வேண்டியதுதான். பயப்பட வேண்டாம். இந்தக் காருக்குக் கிளட்ச் வேலை என்றாலே இன்ஜினைப் பின்பக்கமாக இறக்குவதுதான், கியர் பாக்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்ஜினைப் பிடித்திருப்பது நாலே இடம். ஜாக்கியின் மேல் நேராகப் பின்னுக்கு இழுங்கள். நூறு கிலோவுக்கு மேல் எடை, அது கியர் பாக்ஸின் ஷாஃப்ட் மேல் தொங்கினால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும்.

வெளியே எடுத்ததும் முதலில் கிளட்ச் அறையில் எண்ணெய் இருக்கிறதா என்று விரலால் தொட்டு மோந்து பாருங்கள். கறுப்பாக, மெலிதாக இருந்தால் அது இன்ஜின் ஆயில், ஃப்ளைவீலுக்குப் பின்னால் உள்ள சீல் போயிருக்கிறது. கெட்டியாக, கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், மெயின் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. எந்தச் சீல் என்று தெரியாமல் புதுப் பிளேட்டைப் போட்டால் அதுவும் எண்ணெயில் நனைந்து மறுபடி உதறும். ஃப்ளைவீலைக் கழற்றினால், நடுவில் உள்ள 36 மி.மீ. நட்டைத் திரும்ப 35 கிலோகிராம்-மீட்டருக்கு முறுக்க வேண்டும். நீளமான கம்பி போட்டுக் குத்துமதிப்பாக முறுக்குவது எனக்குச் சம்மதமில்லை. அந்த நட்டு தளர்ந்தால் ஃப்ளைவீலோடு கிராங்க் ஷாஃப்ட்டும் பாழ்.

உதிரிபாகம் வாங்கும் முன் பழைய பிளேட்டை அளந்துகொள்ளுங்கள். பழைய 6 வோல்ட் வண்டிகளில் பெரும்பாலும் 180 மி.மீ. பிளேட், 109 பல் ஃப்ளைவீல். 12 வோல்ட் வண்டிகளில் பெரும்பாலும் 200 மி.மீ., 130 பல். இத்தனை வருடத்தில் யாராவது இன்ஜினையே மாற்றியிருக்கலாம், அதனால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருடத்தை நம்பாமல் கையால் அளப்பதே மேல். பெடலை மிதிக்கும்போது கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் இரண்டு வகை. 1970 வரை வந்த வகைக்கு, கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் நடுவில் ஒரு வளையம் உண்டு, பிறகு வந்ததற்குக் கிடையாது. இரண்டையும் கலக்காதீர்கள்.

கியர் பாக்ஸில் நீங்கள் செய்ய வேண்டியது ஆயில் மாற்றுவது மட்டும். 17 மி.மீ. ஆலன் கீ வேண்டும். ஊற்றும் துளையின் மூடி கழலுகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் மூடியைத் திறங்கள். பழையது வடிந்த பின் ஊற்ற முடியாமல் மாட்டிக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும். எஸ்.ஏ.இ. 90, ஜி.எல்.-4 ஆயில் சுமார் இரண்டரை லிட்டர் பிடிக்கும். வடிந்தது பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, ஆக்சிலின் ரப்பர் உறைகளில் கிழிசல் தேடுங்கள். காந்த மூடியில் சாம்பல் நிறப் பசை இருந்தால் கவலையில்லை. பல் துண்டு இருந்தால்தான் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் பினியன் (சக்கரங்களுக்கு விசையைத் திருப்பும் பல்சக்கரம்) இடைவெளி அளக்கும் கருவி உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

வேலை முடிந்து ஓட்டத் தொடங்கியதும் சில நூறு கிலோமீட்டரில் பெடல் பிளேயைத் திரும்பப் பாருங்கள். புது லைனிங் படியும்போது பிளே குறையும். அது முழுக்கப் போய்விட்டால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். இறக்கை நட்டை ஓரிரு சுற்றுத் தளர்த்தினால் சரியாகிவிடும்.