ஒரு வருட ஃபெலோஷிப்புக்காக ஒரு ஏக்கர் தேயிலையை விற்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமம்) 3 ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். மகள் மனநல மருத்துவத்தில் எம்.டி. முடித்து, கோவையில் தனியார் மருத்துவமனையில் மாதம் 1.10 லட்சம் சம்பளத்தில் இருக்கிறாள். கல்விக் கடனில் 14 லட்சம் பாக்கி, தவணை 26,000. வீட்டுக்கு 20,000 அனுப்புகிறாள். வங்கியில் 4 லட்சம் டெபாசிட் இருக்கிறது. இப்போது வேலையை விட்டுவிட்டு, பெங்களூரு நிமான்ஸில் (மத்திய அரசின் மனநல மருத்துவ நிறுவனம்) ஃபாரன்சிக் சைக்கியாட்ரி, அதாவது குற்ற வழக்குகள் சார்ந்த மனநல மருத்துவத்தில், எம்.டி.க்குப் பிந்தைய ஃபெலோஷிப் பயிற்சி ஒரு வருடம் படிக்க வேண்டும் என்கிறாள். வெளிநாட்டில் படித்தால்தான் மதிப்பு என்கிறார் மைத்துனர். ஒரு ஏக்கரை விற்றுவிடலாமா? படித்தால் வருமானம் கூடுமா?

பதில்: விற்க வேண்டாம். நீங்கள் பயப்படும் அளவுக்கு இதில் செலவு இல்லை.

இது எம்.டி. சீட் மாதிரி லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படிக்கும் படிப்பு அல்ல. ஃபெலோஷிப்பில் உதவித்தொகை உண்டு. குறைத்தே பார்ப்போம், கைக்கு மாதம் 60,000 வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். தவணை போக 34,000. பெங்களூருவில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் 25,000-க்குள் அடக்கிவிடலாம். வீட்டு அட்வான்ஸ், சேர்க்கைச் செலவு, புத்தகம் என்று ஆரம்பத்தில் ஒன்றரை லட்சம் ஆகும். அது டெபாசிட்டிலிருந்து போகட்டும். மீதி இரண்டரை லட்சத்தைத் தொடாமல் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் எங்கே இடிக்கிறது? உங்கள் வீட்டில்தான். அந்த 20,000 ஒரு வருடத்துக்கு நிற்கும், அதாவது 2.40 லட்சம். கொழுந்து நன்றாக வரும் மாதங்களில் அது தெரியாது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வெயில் காய்ந்து கொழுந்து குறையும்போது, தொழிற்சாலையிலிருந்து வரும் பணம் பறிப்புக் கூலிக்கும் உரத்துக்குமே சரியாகிவிடும். ஆகவே அவள் வேலையை விடும் முன்பே, கொழுந்து வரும் மாதப் பணத்தில் ஒரு லட்சத்தையாவது தனியாக எடுத்து வையுங்கள். அப்படியும் பற்றவில்லை என்றால் வீட்டு நகையில் கொஞ்சம் அடகு வைக்கலாம். நகையை மீட்கலாம், ஹட்டியை ஒட்டிய நிலத்தை விற்றால் திரும்ப வாங்க முடியாது.

மைத்துனர் சொல்வதற்கு வருகிறேன். அமெரிக்காவில் இந்த ஃபெலோஷிப் ஒரு வருடம்தான். ஆனால் அதற்கு முன் அங்கேயே 4 வருட ரெசிடென்சி (மருத்துவமனையில் பெறும் சிறப்பு மருத்துவப் பயிற்சி) முடித்திருக்க வேண்டும். பிரிட்டனில் 3 வருட அடிப்படைப் பயிற்சிக்குப் பின் இன்னும் 3 வருடம். இரண்டு இடத்திலும் பயிற்சியில் இருப்பவர்களுக்குச் சம்பளம் தருகிறார்கள். எனவே 'ஒரே வருடத்தில் வெளிநாட்டு ஃபெலோஷிப், 30 லட்சம் கட்டுங்கள்' என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வருமானம் கூடுமா என்றால், உடனே கூடாது. குற்றம் நடந்தபோது ஒருவரின் மனநிலை எப்படி இருந்தது (பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 22, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பிரிவு 84), விசாரணையை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கிறாரா, சிறையில் இருப்பவருக்கு என்ன சிகிச்சை என்பதெல்லாம் இந்தத் துறையின் வேலை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குப் பிறகு இதைத் தெரிந்தவர்களின் தேவை கூடியிருக்கிறது. ஆனால் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி யாரும் பங்களா கட்டியதில்லை. குன்னூரில் கிளினிக் போட்டால் வரப்போவது தூக்கம் வராதவர்களும் குடியை விட முடியாதவர்களும்தான். மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் அடிப்படைத் தகுதி எம்.டி.தான். மகளுக்கு இந்தத் துறை பிடித்திருக்கிறது; பிடித்த வேலைக்கு ஒரு வருடச் சம்பளத்தில் பாதியைக் கொடுக்கிறாள். என் கணக்கில் அது நியாயமான விலை.

வேலையை விடும் முன் அவள் பார்க்க வேண்டியவை சில உண்டு. மருத்துவமனையின் குழுக் காப்பீடு அன்றோடு முடிந்துவிடும். சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீட்டை இப்போதே எடுக்கட்டும். பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம், 5 வருட சர்வீஸ் ஆகுமுன் எடுத்தால் வரி உண்டு. கடன் தவணையை ஒத்திவைக்கச் சொல்லி வங்கிக்குப் போக வேண்டாம், வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். வரியைப் பற்றிக் கவலை வேண்டாம்: அந்த நிதியாண்டின் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் புதிய வருமான வரி முறையில் வரி கட்ட வேண்டியிராது.

என்றைக்காவது நிலத்தை விற்றே ஆகவேண்டிய நிலை வந்தால் ஒன்று மட்டும் பாருங்கள். கோத்தகிரி மாதிரி மக்கள் தொகை 10,000-க்கு மேல், ஒரு லட்சத்துக்குள் உள்ள ஊரின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் அது வரிச் சட்டப்படி கிராமப்புற விவசாய நிலம். அப்போது மூலதன ஆதாய வரி கிடையாது. மலைப் பாதையில் 5 கிலோமீட்டர் சுற்றிப் போனாலும் நேர்கோட்டில் ஒன்றரைதான் இருக்கலாம், அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.